தேன்மெழுகு பூசிய சன்னங்கள்

2025 ஜனவரி 12, ஞாயிறு

இன்று பூசைக்குப் போகவில்லை. தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று கிளறிற்றாவுக்கு மெசேஜ் போட்டேன். கோவில் கணக்கு வழக்கெல்லாம் அவள் கையில்தான், ஊர் விடுப்பும் வம்பும் அவள் கையில்தான். போனால் வாசலில் வைத்தே பிடிப்பாள்: "பியற்றிஸ் இன்னும் மகளிட்டயோ?" நான் "ஓம், பேத்தி சின்னப்பிள்ளைதானே" என்று சொல்லவேண்டும். பத்து ஞாயிறாக ஒரே கேள்வி, ஒரே பொய்.

பத்து மணிக்கு ஷெட்டுக்குள் போனேன். காம்ப்பிங் அடுப்பு, இரும்புச் சட்டி, பழைய கூரைத் தகட்டிலிருந்து வெட்டிய ஈயம், இரண்டு குழி உள்ள அச்சு. கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டேன். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறவிட்டுத் திறந்து தட்டினால் றைபிளுக்குள் போடும் துவக்குச் சன்னம் விழும் என்று டெரிக் சொன்னார். விழுந்தது. முப்பது சன்னம், என் கையால் வார்த்தவை. ஒன்றாவது உருப்படியாக இல்லை. எல்லாம் சுருங்கித் திரங்கிப் போய்க் கிடந்தன.

டெரிக் எங்கள் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். அவரிடம் எழுபது எண்பது வருடப் பழைய றைபிள் ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடுதான் குறி சுடப் போகிறேன். கடைச் சன்னம் அந்தக் கிழட்டுக் குழலுக்கு வேண்டாம், ஈயத்தில் நாமே வார்ப்போம் என்றார். அவருக்குக் கண் சரியில்லை. ஆகவே வார்ப்பது நான், வெடிமருந்து போட்டு அடைப்பது அவர், சுடுவது இருவரும்.

என் மனைவி பியற்றிஸ், லண்டனின் மற்றக் கோடியில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மகள் றூபினி வீட்டுக்குப் போய் இன்றோடு பத்துக் கிழமை.

அவள் துவக்கைக் கண்டு போகவில்லை. வீட்டில் துவக்கே இல்லை. சொந்தமாக ஒன்று வைத்திருக்க விண்ணப்பிப்பதென்றால் முதலில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும் என்றார்கள். மாடிப்படிக்குக் கீழே நாலு போல்ட் அடித்து இறுக்கினேன். பின்னால் வந்து நின்று பார்த்தாள். "எமிலைக் கொண்டுபோனது உதுதான். அதை என்ர வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டப்போறியளோ?" என்றாள். எமில் அவளுடைய தம்பி. தொண்ணூறாம் ஆண்டு, பதினேழு வயதில், மன்னாரில் இருந்து துவக்குத் தூக்கவென்று இயக்கத்துக்குப் போனவன். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, சேதியும் இல்லை, உடலும் இல்லை. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். வெறும் பெட்டி என்றேன். இரண்டாம் நாள் சூட்கேசோடு போய்விட்டாள்.

வெறும் பெட்டி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. வீடும்தான்.

ஜனவரி 13, திங்கள்

நான் ஒரு விசரன். சுருங்கின சன்னங்களின் படத்தை டெரிக்குக்கு அனுப்புகிறேன் என்று நினைத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். றூபினி மூன்று கேள்விக்குறி போட்டாள். அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. கீழே பியற்றிஸ் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது.

"சூடு காணாது."

சூடு போதாது என்கிறாள், அவ்வளவுதான். பத்துக் கிழமைக்குப் பிறகு எனக்கு வந்த முதல் சொற்கள். பஸ்ஸை எடுக்க ஐந்து நிமிடம் பிந்தி, கொன்ட்ரோலில் இருந்து ஏச்சு வாங்கினேன். கிடக்கட்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

உனக்கு எப்படித் தெரியும் என்று தனியாகக் கேட்டேன். மத்தியானம் பதில் வந்தது.

"அய்யா வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர். சட்டிக்குப் பக்கத்தில நான்தான் இருக்கிறனான். ஈயம் மட்டும் சுட்டாக் காணாது, அச்சும் சுடவேணும். குளிர்ந்த அச்சில ஊத்தினா இப்பிடித்தான் சுருங்கும்."

பிறகு இன்னொன்று: "தண்ணி ஒரு சொட்டும் படாமப் பாருங்கோ. வெடிச்சு முகத்தில அடிக்கும்."

கலியாணம் முடித்து முப்பது வருடம். இவளுக்குத் தையல் தெரியும், சமையல் தெரியும், எனக்குத் தெரியாத செபமெல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஈயம் காய்ச்சத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

ஷெட் கூரையில் ஒழுக்கு இருக்கிறது. நாளைக்கே அடைக்கவேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

அச்சைச் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டு ஊற்றினேன். முதல் பத்தும் சுருக்கம், அவற்றைத் திரும்பச் சட்டிக்குள் போட்டேன். அதற்குப் பிறகு விழுந்தவை புதுச் சில்லறைபோல மின்னின. படம் எடுத்து அனுப்பினேன்.

"இப்ப சரி," என்று போட்டாள்.

சந்தோசப்பட்டுக்கொண்டு போனை வைத்த பிறகுதான் விளங்கியது — சரி என்றால் இனிக் கேட்க என்ன இருக்கிறது?

ஜனவரி 26, ஞாயிறு

எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

இன்று வேண்டுமென்றே குளிர்ந்த அச்சில் ஊற்றினேன். சுருங்கின பத்தை வரிசையாக அடுக்கி, "திரும்பவும் இப்படி வருகிறது, ஏனென்று தெரியவில்லை" என்று அனுப்பினேன். ஐம்பத்தெட்டு வயது மனுசன் பெண்சாதியோடு கதைக்கிறதுக்குச் செய்கிற வேலை.

"இது வேணுமெண்டு பழுதாக்கினது," என்று வந்தது. "போன கிழமை சரியா ஊத்தின கை இண்டைக்குப் பிழைக்காது."

ஒரு நிமிடம் கழித்து:

"சாப்பிட்டியளோ?"

ஷெட்டுக்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இருந்து அழுதேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் பூசை. மெழுகுதிரி மந்திரிக்கும் நாள். ஆளுக்கொரு திரி தந்தார்கள், எனக்கும் ஒன்று. அவளுக்கும் சேர்த்து ஒன்று கேட்டு வாங்கினேன். கிளறிற்றா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டெரிக்கோடு பிஸ்லியில் இருக்கும் சுடுகளத்துக்கு. நான் வார்த்த சன்னங்களை முதன்முதலாகச் சுட்டோம். மானம் போனது. பத்தில் நாலுதான் குறிக் கடதாசியிலேயே பட்டது. பட்டதும் ஒழுங்கான ஓட்டை இல்லை, சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழித்திருந்தது. சன்னம் நேரே போகாமல் புரண்டு புரண்டு போயிருக்கிறது. குழலுக்குள் பார்த்தால் ஈயம் அப்பிப்போய் இருந்தது. இரண்டு மணித்தியாலம் பிரஷ் போட்டுத் தேய்த்தோம்.

டெரிக் பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்டார். செம்பு மூடிய கடைச் சன்னத்துக்குப் போடுகிற அளவு மருந்தையே போட்டுவிட்டாராம். ஈயம் மிருதுவானது, அதை அடித்துத் துரத்தக்கூடாது, குழலில் ஒட்டிக்கொள்ளும். சன்னம் குழலைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருக்கவேண்டும், நான் வார்த்தவை சிறியவை. வேறு அச்சு தருகிறேன் என்றார். மூன்றாவது, பிசுக்குப் பூசவேண்டும். தேன்மெழுகோடு கொஞ்சம் கொழுப்புக் கலந்து சன்னத்தின் வரிகளில் நிரப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். அசல் தேன்மெழுகு வேண்டும், கடை மெழுகுதிரி சரிவராது என்றார்.

பெப்ரவரி 8, சனி

புது அச்சில் வார்த்தது நன்றாக வந்தது. தேன்மெழுகு ஓர்டர் பண்ணினால் புதன்தான் வருமாம். நாளைக்கு வேண்டுமே.

மடு மாதா சொரூபத்துக்குக் கீழே உள்ள லாச்சியை இழுத்துத் திறந்து தேடினேன். செபப் புத்தகங்கள், சுருவப் படங்கள், ஒரு மஞ்சள் துண்டு மெழுகுதிரி. இரண்டு விரல்கூட இராது. முகர்ந்து பார்த்தேன், தேன் வாசம். அசல்தான். அதை உருக்கிக் கலந்தேன். முப்பத்திரண்டு சன்னத்துக்குக் காணும் அளவாக வந்தது. ஷெட் முழுக்கப் பெருநாள் வாசம்.

பெப்ரவரி 9, ஞாயிறு

மத்தியானம்: ஐந்துதான் சுட்டேன், ஆனால் என்ன ஐந்து! நூறு கஜத் தூரத்தில் ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள். வட்டமான ஓட்டைகள். குழல் கண்ணாடிபோல. டெரிக் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். மிச்சம் இருபத்தேழையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், அவளுக்குப் படம் அனுப்ப. கடதாசியையும் சேர்த்து எடுத்து அனுப்பினேன். "தேன்மெழுகு பூசினது" என்று பெருமை வேறு.

"மெழுகு ஏது?" என்று கேட்டாள்.

மாதாவின் லாச்சியில் ஒரு பழைய துண்டு கிடந்தது என்று எழுதினேன்.

பிறகு ஒன்றும் இல்லை.

பின்னேரம்: றூபினி எடுத்தாள். "அப்பா, வட் டிட் யூ டூ? அம்மா குசினிக்க நிண்டு அழுறா."

பெப்ரவரி 10, திங்கள்

எமிலின் திரி. றூபினி சொல்லித்தான் தெரியும்.

மாமி, பியற்றிஸின் தாய், கொடுத்தது. பியற்றிஸ் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது, மடுவில் மந்திரித்த திரி, கையில் வைத்துப் பொத்திக் கொடுத்தது. ஒவ்வொரு வருடமும் ஜூனில் எமிலின் பிறந்தநாளுக்கு ஏற்றுவாள். பத்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிய விரலால் நசித்து அணைத்துவிடுவாள், அவன் வரும்வரைக்கும் கிடக்கவேண்டும் என்று. அதனால்தான் முப்பது வருடம் கிடந்தது.

நானும் பக்கத்தில் முழந்தாளில் இருந்தவன்தானே? முப்பது தரம் இருந்தவன்தானே? அவள் திரி ஏற்றுகிறாள் என்று தெரியும். எந்தத் திரி என்று ஒருநாளாவது பார்த்தேனா?

என்ன மனுசன் நான். உருக்கிக் கொழுப்பில கலந்து துவக்குக்குள்ள போட்டு — எமிலின்ர திரியை — துவக்குக்குள்ள —

ஏலாது. இன்றைக்கு எழுத ஏலாது.

பெப்ரவரி 23, ஞாயிறு

மெசேஜ் போட்டேன். பார்த்திருக்கிறாள், நீலக் கோடு இரண்டும் விழுகிறது. பதில் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று டெரிக்குக்குச் சொல்லிவிட்டேன். இருபத்தேழு சன்னமும் பிஸ்கற் டின்னுக்குள் இருக்கின்றன. சுடவும் மனமில்லை, உருக்கவும் மனமில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு ஷிப்ட். கொலின்டேலில் ஏறிய ஒரு சின்னப் பிள்ளை, டிரைவருக்கு முகத்தில் அழுக்கு என்று தாய்க்குச் சொன்னது.

கோவிலில் கிளறிற்றா கேட்டாள். இந்த முறை பொய் சொல்லவில்லை. "அவ என்னோட கோவிச்சுக்கொண்டு போனவ," என்றேன். "அது எல்லாருக்கும் தெரியும், றொனால்ட்," என்றாள். "நீர்தான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை."

மார்ச் 27, வியாழன்

என் விண்ணப்பத்தை விசாரிக்கப் பொலிஸ் துவக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து போனார். அமைதியான மனிதர், வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பெட்டியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. ஏன் துவக்கு வேண்டும் என்று கேட்டார். குறி சுடும் விளையாட்டு என்று படிவத்தில் எழுதியதையே சொன்னேன்.

அது பொய் இல்லை. ஆனால் முழுக்கவும் இல்லை. பாதி வயதுவரை நான் துவக்கின் வாய்ப்பக்கத்தில் நின்றவன். ஆனையிறவில், வவுனியாவில், கொழும்பில், சோதனைச் சாவடிகளில் கையைத் தூக்கிக்கொண்டு. அதன் மற்றப் பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. பார்த்தால், அங்கே நிற்கிறவனுக்கும் நெஞ்சு அடிக்கிறது. மூச்சை அடக்கினால்தான் நிற்கும். அந்த ஒரு நிமிடம் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. இதை யாருக்குச் சொல்வது? சொல்லவேண்டியவளுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் வேறு யார் என்று கேட்டார். "மனைவி. இப்போது மகள் வீட்டில். இந்தப் பெட்டி வந்ததால் போய்விட்டாள்," என்றேன். எழுதிக்கொண்டார். அவளோடு கதைக்கவேண்டும், நம்பர் தாருங்கள் என்றார். அந்த இடத்திலேயே விண்ணப்பம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம்பரைக் கொடுத்தேன். ஏன்? யாராவது அவளிடம் என்னைப்பற்றிக் கேட்கட்டும் என்றா?

ஏப்ரல் 3, வியாழன்

அவளே போன் எடுத்தாள். குரல்! ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"பொலிஸ்காரர் எடுத்தவர்," என்றாள். "கோபக்காரரோ எண்டு கேட்டவர். இல்லை எண்டன். குடிப்பாரோ எண்டார். நத்தார்ப் பெருநாளுக்கு ஒரு கிளாஸ் எண்டன். உங்களுக்கு அவரில பயமோ எண்டார்."

"என்ன சொன்னனீ?"

"அவரில பயமில்லை எண்டன். நல்ல மனுசன், குடுங்கோ எண்டன்."

"அப்ப நீ வருவியோ?"

"உண்மையைச் சொன்னனான். நான் இப்ப அந்த வீட்டில இருக்கிறேல்லை எண்டும் சொன்னனான். வைக்கிறன்."

குடுங்கோ என்றுவிட்டாள். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னோடு சண்டை பிடிக்கிறாள் என்று இருந்திருப்பேன். சண்டையும் விட்டுவிட்டாளா?

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பார்க்கிங்கில் சாப்பாடு. றூபினிதான் கூப்பிட்டாள். வாசலிலேயே, "அப்பா, ஷவர் ஃபர்ஸ்ட், பிறகு பேபி," என்றாள். ஈயத்தூசாம். இரண்டு மாதமாக ஈயத்தைத் தொடவே இல்லை என்றேன். ஆனாலும் குளித்தேன்.

பியற்றிஸ் மெலிந்திருக்கிறாள். நீலச் சட்டை, நான் காணாதது. குசினியில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். வெங்காயம் வெட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

"மெழுகு போனாப் போகட்டும்," என்றாள். "முப்பது வருசம் எனக்குப் பக்கத்தில முழந்தாளில நிண்டனீங்கள். கண்ணை மூடிக்கொண்டோ நிண்டனீங்கள்?"

ஓம் என்றேன்.

போகும்போது ஒரு டப்பாவில் கறி போட்டுத் தந்தாள். நாலு நாளைக்கு வைத்துச் சாப்பிடலாம். இன்றிரவே முடித்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

துவக்கு வைத்திருக்கும் சான்றிதழ் தபாலில் வந்துவிட்டது. கதவடியில் கிடந்தது, பிட்ஸா விளம்பரத்தோடு சேர்ந்து.

டெரிக்குக்குச் சொன்னேன். தன்னுடைய றைபிளையே நீ எடுத்துக்கொள் என்றார், கண் இனிச் சரிவராதாம். நல்ல துவக்கு. எனக்கு அதன் குணம் தெரியும், அதற்கு என் தோள் தெரியும். ஆறு மாதம் இதற்குத்தானே காத்திருந்தேன்.

ஒரு துளி சந்தோசம் வரவில்லை. நீ இல்லாத வீட்டில் எதைக் கொண்டுவந்து வைத்து என்ன, பியற்றிஸ். ஒரு கோப்பையைக் கழுவி, ஒரு கோப்பையைத் துடைத்து, ஒரு கோப்பையை வைக்கிறேன். படுக்கையில் இன்னும் உன்ர பக்கத்தை விட்டுப்போட்டுத்தான் படுக்கிறன்.

மே 10, சனி

பெட்டியைக் கழற்றினேன். போல்ட் நாலும் இறுகிப்போய், முழங்கையில் தோல் உரிந்தது. பக்கத்துத் தெருவில் இரும்பு எடுப்பவன் தூக்கிப் போனான்.

டெரிக்குக்கு, துவக்கு வேண்டாம், நீங்கள் நிற்கும்போது உங்களுடையதில் சுடுகிறேன் என்றேன். "இதற்கா இவ்வளவு படிவம் நிரப்பினாய்?" என்று சிரித்தார். பெட்டி போனதைப் பியற்றிஸுக்குச் சொல்லவில்லை. விலை பேசுகிற மாதிரி இருக்கும்.

மே 11, ஞாயிறு

பிஸ்கற் டின்னைப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோனேன். இருபத்தேழும் உன்னுடையவை, என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன் என்றேன்.

பின்வளவில் கதிரை போட்டு இருந்தோம். மடியில் கடதாசி விரித்து ஒன்றை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு பழக்கப்பட்ட கையால் திருப்பி, அடியைப் பார்த்து, "நல்லா வாத்திருக்கிறியள்," என்றாள்.

"மந்திரிச்ச சாமானைக் குப்பையில போடேலாது," என்றாள் பிறகு. "எரிக்கவேணும். இல்லாட்டி மண்ணுக்குள்ள புதைக்கவேணும். அம்மா அப்பிடித்தான் செய்வா."

சன்னத்தைத் திரும்ப டின்னுக்குள் வைத்தாள்.

"சுட்டா இந்த மெழுகுக்கு என்ன நடக்கும்?"

"எரிஞ்சுபோகும்."

"ஈயம்?"

"குறிக்குப் பின்னால இருக்கிற மண்மேட்டுக்குள்ள போய் நிண்டுடும்."

உள்ளே பேத்தி அழுதது. எழும்பிப் போனவள் கதவடியில் திரும்பினாள். "நான் வந்து பாக்கலாமோ?"

மே 25, ஞாயிறு

வந்தாள். கறுப்புச் சீலை. பிஸ்லிக்கு யார் சீலையில் வந்திருக்கிறார்கள்? டெரிக் முந்தின நாளே மருந்து போட்டு அடைத்துத் தயாராக வைத்திருந்தார், இந்த முறை குறைந்த அளவு மருந்து. அவருக்கு முழுக் கதையும் சொல்லவில்லை. "என் மனைவியின் தம்பிக்காக," என்றேன். அவர் அவளுக்குக் காதுமூடி எடுத்துக் கொடுத்து, எங்கே நிற்பதென்று காட்டினார்.

முதல் வெடிக்கு அவள் உடம்பு முழுக்கத் துள்ளியதை நான் பார்க்காமலே உணர்ந்தேன். ஐந்தாவது முடியத் திரும்பி, காணும், போவோம் என்றேன். தலையை ஆட்டினாள். "எல்லாத்தையும்."

இருபத்தேழு. அவசரப்படாமல் சுட்டேன். இவ்வளவு கவனமாக ஒருநாளும் சுட்டதில்லை. ஒவ்வொரு முறையும் குழல் வாயிலிருந்து மெல்லிய புகை வந்தது, தேன் வாசம் காற்றில் ஒரு கணம் நின்று போனது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. எத்தனையாவதில் துள்ளுவதை நிறுத்தினாள் என்று தெரியவில்லை.

முடிந்த பிறகு டெரிக் தன் தூரக்கண்ணாடியை அவளுக்குச் சரிசெய்து கொடுத்தார். குனிந்து பார்த்தாள்.

"அங்க ஒருத்தரும் இல்லையே?"

"இல்லை. மண் மட்டும்தான்."

"மண் மட்டும்தான்," என்றாள். அப்படியே குனிந்தபடி நின்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், டெரிக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன்.

வரும் வழியில் எமிலைப்பற்றிக் கதைத்தாள். சீனி டின்னுக்குள் கையை விட்டு அள்ளித் தின்பானாம். பட்டாசுக்குப் பயமாம், நத்தாருக்குக் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிப்பானாம். முப்பது வருடத்தில் இதெல்லாம் நான் கேட்டதே இல்லை. பார்க்கிங்கில் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் போன்: "எங்கட கிங்ஸ்பரிக் கோவில் பூசைக்கு வாறன். ஸ்டேசனுக்கு வாங்கோ."

பூசை முடிய கிளறிற்றாவின் மேசைக்குப் போனோம். பூசை ஒப்புக்கொடுக்கிறவர்கள் அங்கே ஒரு துண்டு நிரப்பவேண்டும்: பெயர், நாள், கருத்து. கருத்துக்கு இரண்டு பெட்டி. மேலே உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்காக. கீழே இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஜூன் பன்னிரண்டு எமிலின் பிறந்தநாள். வருடா வருடம் இந்தத் துண்டை நிரப்புவது நான்தான், என் கையெழுத்து நல்லதாம். எமில் என்று எழுதி, மேல் பெட்டியில் கோடு போடுவேன். முப்பது வருடமும் மேல் பெட்டிதான்.

இன்றும் பெயரை எழுதினேன். பேனை மேலே போனது. பியற்றிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதில இல்லை," என்றாள். "கீழ."

கீழே கோடு போட்டேன். கோடு பெட்டிக்கு வெளியே போய்விட்டது. கிளறிற்றா துண்டை வாங்கி வாசித்தாள். எழும்பி வந்து பியற்றிஸைக் கட்டிப்பிடித்தாள்.

வெளியே தூறல். ஸ்டேசன் பக்கம் திரும்பப் போனேன். அவள் மற்றப் பக்கம் நடந்தாள், எங்கள் தெருப் பக்கம்.

"வீட்டில அரிசி இருக்கோ?" என்று கேட்டாள்.

இருக்கு என்றேன். இருக்கவில்லை. அவளை உள்ளே விட்டுவிட்டு, மழைக்குள் ஓடிப்போய் வாங்கி வந்தேன்.